கணக்குக் கேள்விகள்: பத்து இலக்கப் பகா எண்

கேள்வி: கணினிப் படிப்பில் சேர்ந்திருக்கும் என் மகன், 2147483647 ஒரு பகா எண் என்கிறான். இவ்வளவு பெரிய எண்ணை எதனாலும் மீதியின்றி வகுக்க முடியாது என்று எப்படிச் சொல்கிறார்கள்? கணினி சொன்னால் நம்பிவிட வேண்டியதுதானா?
– வாசகி ஒருவர், செம்பூர், மும்பை

பதில்: நம்ப வேண்டாம் அம்மா, சரிபார்த்துவிடுங்கள். கணினி என்ற பேச்சே இல்லாத 1772இல், சக கணித அறிஞரான பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் கணித மேதை ஆய்லர் இதைப் பகா எண் என்று அறிவித்தார். அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய முழுவதுமாகப் போயிருந்தது. அதை நினைத்தாலே எனக்குக் கைகூப்பத் தோன்றும்.

காரணிகள் இணை இணையாக வரும். ஆகவே இந்த எண்ணின் வர்க்கமூலமான 46,340 வரை தேடினால் போதும். அந்த எல்லைக்குள்ளேயே 4,700க்கும் அதிகமான பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையாலும் வகுத்துக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும்.

ஆனால் இது ஏதோ ஒரு பத்து இலக்க எண் அல்ல; 2இன் 31ஆம் அடுக்கில் ஒன்று குறைந்தது. அந்த வடிவம்தான் கைகொடுக்கிறது. இதற்குப் பகாக் காரணி ஒன்று இருந்தால், அதை 31ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டையும் சேர்த்தால், 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 தரும் எண்கள் மட்டுமே மிஞ்சும். 46,340க்குள் அப்படிப்பட்டவை 370 சொச்சம்தான்.

மாட்டுங்காவில் என் வீட்டுக்குக் கணக்குப் படிக்க வரும் பிள்ளைகளை அந்தப் பட்டியலை எழுதச் சொல்வேன்: 63, 249, 311, 497, 559, 745... இவற்றில் 63, 249 இரண்டும் 3ஆல் வகுபடும். 497ஐ 7 வகுக்கும். 559ஐ 13 வகுக்கும். இப்படி அடித்துக்கொண்டே போனால், 1,300 வரை தப்பிப் பிழைப்பது 311 ஒன்றுதான்! நம் எண்ணை 311ஆல் வகுத்தால் ஈவு 6905092, மீதி 35. அடுத்தது 1303. பொறுமை இருந்தால் ஒரு விடுமுறைக்குள் முடித்துவிடலாம். உங்கள் மகனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

முதலில் சிறியதில் பழக வேண்டுமானால், 2இன் 11ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த 2047ஐ எடுங்கள். அது 23 × 89. இரண்டு காரணிகளும் 11ஆல் வகுத்தால் மீதி 1 தருகின்றன.

கேள்வி: இன்று தெரிந்த மிகப் பெரிய பகா எண் எது?
– வாசகர் ஒருவர், தாராவி, மும்பை

பதில்: 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது: 2இன் 136279841ஆம் அடுக்கில் ஒன்று குறைந்தது. 4,10,24,320 இலக்கங்கள். இதுவும் மேலே சொன்ன அதே குடும்பம்தான். இந்த வடிவ எண்களைச் சோதிக்க லூக்கா–லேமர் என்ற தனி முறை இருக்கிறது. காரணி எதையும் தேடிப் பார்க்காமலே பகா எண்தானா என்று அது தீர்ப்புச் சொல்லிவிடும்.