மண்வள அட்டையை நம்பிக் கவுனி அரிசி வாங்கலாமா?

கேள்வி: இயற்கை அங்காடி ஒன்றில் கவுனி அரிசி வாங்குகிறேன். பையில் 'கன உலோகம் அற்றது' என்று அச்சிட்டு, மற்ற கடைகளைவிடக் கூடுதல் விலை வைக்கிறார்கள். ஆதாரம் கேட்டால், கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் மண்வள அட்டையைக் காட்டுகிறார்கள். இரண்டு வயதுப் பேரனுக்குத் தினமும் இந்த அரிசியில்தான் கஞ்சி. நம்பலாமா?
– வாசகி ஒருவர், காரைக்குடி

பதில்: அந்த அட்டைக்கும் பையில் இருக்கும் வாசகத்துக்கும் சம்பந்தமே இல்லை, ஆச்சி. மத்திய அரசு 2015இல் தொடங்கிய திட்டத்தில் தரப்படும் மண்வள அட்டையில் 12 விவரங்கள் இருக்கும். தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம், அவ்வளவுதான். எவ்வளவு உரம் போடுவது என்று விவசாயி முடிவு செய்வதற்கான அட்டை அது. நாம் அஞ்சவேண்டிய கன உலோகங்களான ஈயம், காட்மியம், ஆர்செனிக், பாதரசம் ஆகியவற்றில் ஒன்றுகூட அதில் கிடையாது. தாமிரம், துத்தநாகம் என்ற பெயர்களைப் பார்த்துவிட்டு உலோகப் பரிசோதனை முடிந்தது என்று கடைக்காரரே நம்பியிருக்கலாம். ஆனாலும் அதற்கென்று விலை ஏற்றியவர் ஆதாரம் காட்டித்தான் ஆகவேண்டும்.

இயற்கை விவசாயச் சான்றும் இதற்கு உதவாது. அது வளர்த்த முறைக்குத் தரப்படும் சான்று. பூச்சிமருந்து நாளடைவில் பெரும்பாலும் சிதைந்துபோகும், உலோகம் சிதையாது. முன்பு போட்ட பாஸ்பேட் உரத்தோடு வந்த காட்மியம், விவசாயி சாணத்துக்கு மாறிய பிறகும் அதே வயலில் கிடக்கும். தவிர, மண்ணில் விளையும் எதிலும் உலோகம் துளியாவது இருக்கும். 'அற்றது' என்று அடித்துச் சொல்கிறவரிடம்தான் நான் கூடுதலாகக் கேள்வி கேட்பேன்.

என்ன கேட்பது? முதலில், அரிசி எங்கே விளைந்தது என்று. கவுனி நம் பலகாரம் என்பதால் நம் கண்மாய்ப் பாசனத்தில் விளைந்ததாகிவிடாது. கவுனி போன்ற கறுப்பரிசிக்காக 2020இல் புவிசார் குறியீடு (ஒரு வட்டாரத்தின் விளைபொருளுக்குத் தரும் அடையாளம்) பெற்றது மணிப்பூர். உங்கள் அரிசி எங்கிருந்தும் வந்திருக்கலாம். அடுத்து, உங்கள் பையிலுள்ள தொகுதி எண்ணுக்கே (பேட்ச் நம்பர்) உரிய ஆய்வக அறிக்கை. ஆய்வகங்களின் தரத்தைச் சோதிக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகமா, ஒவ்வோர் உலோகமும் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்று எண்ணில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'கண்டறியப்படவில்லை' என்று இருந்தால், எந்த அளவுக்குக் கீழே கருவியால் பார்க்க முடியாது என்பதும் பக்கத்தில் இருக்கவேண்டும்.

அறிக்கை தராமல் மழுப்பினால், உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இன் 40ஆம் பிரிவு இருக்கிறது. வாங்கியவரே கட்டணம் செலுத்தி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கலாம். ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் 'பரிசோதனைக்குக் கொடுக்கப்போகிறேன்' என்று சொல்லிவிட வேண்டும். சட்டமீறல் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். பொய் விளம்பரம் என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதற்கும் அது வேண்டும்.

பேரன் விஷயம். தண்ணீர் தேங்கிய வயலில் வளர்வதால், மற்ற தானியங்களைவிட நெல் ஆர்செனிக்கை அதிகம் உறிஞ்சும். அது தவிட்டில் கூடுதலாகத் தங்கும். சர்வதேச உணவுத்தர அமைப்பான கோடெக்ஸ், நச்சு அதிகமுள்ள கனிம வடிவ ஆர்செனிக்குக்கு வைத்திருக்கும் வரம்பே தீட்டிய அரிசிக்குக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், உமி மட்டும் நீக்கிய அரிசிக்கு 0.35. கவுனியின் கறுப்பெல்லாம் தவிட்டில்தான், அதனால் தவிட்டோடுதான் சாப்பிடுகிறோம். நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்தால் ஆர்செனிக் ஓரளவு குறையும். ஆனால் ஊறவைத்த தண்ணீரிலேயே வேகவைத்து நிறம் காப்பது நம் வழக்கம். வடித்த கவுனியை எந்தச் செட்டிநாட்டு வீட்டில் ஒப்புக்கொள்வார்கள்? எப்போதாவது தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டுச் சாப்பிடுவதற்குத் தடையில்லை. சின்னக் குழந்தைக்குத் தினமும் ஒரே அரிசிக் கஞ்சி என்பதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. கேழ்வரகு, கோதுமை என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

கேள்வி: மில்லில் அரைக்க வாங்கும் விரலி மஞ்சள் பளபளவென்று இருந்தால் நல்லதா?
– வாசகர் ஒருவர், தேவகோட்டை

பதில்: சந்தேகப்படுங்கள். ஈயக் குரோமேட் என்ற ஈயம் அடங்கிய மஞ்சள் சாயப்பொடியைப் பூசி நிறமேற்றும் கலப்படம் உண்டு. இந்த ஈயம் மண்ணிலிருந்து வருவதல்ல, வியாபாரத்தில் சேர்வது. ஒரு விரலியைத் தண்ணீர் டம்ளரில் போடுங்கள். உடனே மஞ்சள் நிறம் கரைந்து இறங்கினால் வாங்கவேண்டாம். மஞ்சளில் ஈயத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம். அதை டம்ளரால் அளக்க முடியாது, ஆய்வகத்தில்தான் அளக்கவேண்டும்.