ஆர்டர் ஒன்று, டிசி மூன்று: டேட்டா கேள்வி பதில்

கேள்வி: அக்கா, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எட்டு மாதமாக ரிப்போர்ட் வேலை பார்க்கிறேன். பவர் பிஐ (ரிப்போர்ட் போடும் சாஃப்ட்வேர்) வைத்து ஆர்டர், டெஸ்பேட்ச் டேஷ்போர்டு போட்டுக் கொடுத்தேன். ஆர்டர் பீஸ் உண்மையைவிட இரண்டு மடங்குக்கு மேல் காட்டுகிறது. "இத்தனை ஆர்டர் வந்திருந்தா நான் ஏந்தம்பி இன்னும் வாடகைக் கட்டடத்துல உக்காந்திருக்கேன்" என்று முதலாளி எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். ஒரே எண் திரும்ப வந்தால் ஒரு தடவை மட்டும் எடுக்கிற டிஸ்டிங்க்ட் போட்டுப் பார்த்தேன். குறைகிறது, ஆனால் இப்போது வேறு மாதிரி தப்பாக வருகிறது.
- பெருந்துறை வாசகர்

பதில்: தம்பி, முதலாளி கேட்டதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. எண்ணைப் பார்த்ததும் தப்பு என்று தெரிகிற முதலாளி கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம். தெரியாதவரிடம் மாட்டியிருந்தால் அந்த எண்ணை நம்பி நூல் வாங்கியிருப்பார்.

உங்கள் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ஆர்டர் 118, கறுப்பு, 4,000 பீஸ். மூன்று டிசி-யில் (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) போயிருக்கிறது: 1,500, 1,500, 1,000. ஆர்டர் 119, வெள்ளை, அதுவும் 4,000 பீஸ். இரண்டு டிசி, தலா 2,000. இப்போது ஆர்டர் டேபிளையும் டெஸ்பேட்ச் டேபிளையும் ஆர்டர் நம்பரை வைத்து ஜாயின் செய்தால், அதாவது இணைத்தால், ஐந்து வரி வரும். 118-இன் 4,000 மூன்று வரியிலும் நிற்கும், 119-இன் 4,000 இரண்டு வரியிலும் நிற்கும். கூட்டினால் 20,000. உண்மையில் வாங்கிய ஆர்டர் 8,000 தான்.

டிஸ்டிங்க்ட் ஏன் கைவிட்டது? ஆர்டர் பீஸை டிஸ்டிங்க்ட் போட்டுக் கூட்டினால் இரண்டு 4,000-மும் ஒன்றாகி, மொத்தமே 4,000 என்று வரும். டெஸ்பேட்சுக்கு அதையே போட்டால் 1,500, 1,000, 2,000 மட்டும் எண்ணி 4,500 என்று சொல்லும். ஒரே அளவில் இரண்டு தடவை சரக்கு போகக் கூடாது என்று சட்டமா இருக்கிறது? இங்கே டிஸ்டிங்க்ட் போடுவது ஒழுகுகிற ஓட்டுக்கு அடியில் குண்டா வைக்கிற வேலை.

எஸ்க்யூஎல்லில் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கிற மொழி) செய்வதாக இருந்தால் முதலில் டெஸ்பேட்ச் டேபிளை மட்டும் ஆர்டர் நம்பர்வாரியாக குரூப் பை செய்து, ஒரு ஆர்டருக்கு ஒரு வரி என்று சுருக்குங்கள். அதன்பிறகு ஆர்டரோடு சேருங்கள். சேர்க்கும்போது லெஃப்ட் ஜாயின், டெஸ்பேட்ச் இல்லாவிட்டாலும் ஆர்டர் வரி நிற்கும். இன்னர் ஜாயின் போட்டால் இன்னும் ஒரு பீஸ் கூடப் போகாத ஆர்டர் ரிப்போர்ட்டிலேயே இருக்காது. முதலாளி காலையில் முதலில் பார்க்க வேண்டியதே அந்த ஆர்டரைத்தான். பவர் பிஐ-யில் என்றால் இரண்டையும் ஒரே டேபிளாக ஒட்டவே வேண்டாம். ஆர்டர் தனி, டெஸ்பேட்ச் தனி. ஸ்டைல், கலர், பையர், தேதி ஆகியவற்றுக்கு ஒவ்வொரு சின்ன டேபிள் வைத்து, அவற்றிலிருந்து இரண்டுக்கும் ஒன்றிலிருந்து பலவற்றுக்கு என்று கோடு இழுங்கள். இதைத்தான் ஸ்டார் ஸ்கீமா என்கிறார்கள்.

இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம், இதே பள்ளத்தில் நானும் விழுந்தவள். 2004-இல் விபி சிக்ஸும் கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸும் வைத்துக்கொண்டு ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்த புதிது. ஸ்டாக் ரிப்போர்ட் அடித்துக் கொடுத்தேன். சாயப்பட்டறையிலிருந்து நான்கு தவணையாக வந்த துணியை, நான்கு தடவையும் முழு லாட் கிலோ என்று கூட்டியிருந்தது என் ரிப்போர்ட். மெர்சண்டைசர் அதைப் பார்த்து, துணி இருக்கிறது, இன்னொரு கலர் எடுத்துக்கொள்ளலாம் என்று பையரிடம் சொல்லிவிட்டார். குடோனில் போய்ப் பார்த்தால் ரேக் காலி. அன்றைக்கு வாங்கிய பேச்சை இங்கே எழுத முடியாது.

சாயங்காலம் குடோன் அண்ணன் தன் நீளநோட்டைக் காட்டினார். பக்கத்துக்கு மேலே லாட் நம்பரும் மொத்தக் கிலோவும் ஒரே ஒரு தடவை. கீழே வந்த டிசி ஒவ்வொன்றும் ஒவ்வொரு வரி. "லாட் கிலோவ வரிக்கு வரி எழுதுனா கூட்டறப்ப கொழம்பிரும் கண்ணு, அதான் மேல எழுதிட்டேன்" என்றார். அவர் படித்தது ஆறாவது. அதற்குப் பிறகு எந்த ரிப்போர்ட் எடுத்தாலும், எஸ்க்யூஎல்லைத் திறக்கும் முன்னால் ஒரு தாளில் எழுதிவிடுவேன்: இந்த டேபிளில் ஒரு வரி என்றால் என்ன? ஒரு ஆர்டரா, ஒரு டிசி-யா, ஒரு பெட்டியா?

கேள்வி: எங்களுக்கு ஈரோட்டில் மஞ்சள் மண்டி. அப்பா காலத்து நோட்டை நான் எக்ஸலுக்கு மாற்றி ஆறு வருடம் ஆகிறது. டேட்டாபேஸ் வேண்டும் என்று ஒருவர் வந்து பெரிய தொகை சொல்கிறார். தேவையா?
- ஈரோடு வாசகி

பதில்: அம்மிணி, அவர் சொல்கிற தொகையை விடுங்கள். உங்கள் ஃபைலில் சரக்குப் பெயர் உள்ள காலத்துக்கு (column) ஒரு ஃபில்டர் போட்டுப் பாருங்கள். 'விரலி', 'விரளி', 'விரலி மஞ்சள்', கடைசியில் ஒரு ஸ்பேஸோடு இன்னொரு 'விரலி' என்று நான்கு இருந்தால், எக்ஸலுக்கு அது நான்கு சரக்கு. 'கிழங்கு'க்கும் அதே கதை இருக்கும். டேட்டாபேஸில் சரக்குப் பட்டியல் தனி டேபிளாக இருக்கும். அதில் இல்லாத பெயரை, அந்தப் பட்டியலோடு கட்டிவைக்கிற ஃபாரின் கீ என்ற விதி உள்ளே விடாது. உங்களைப் போன்ற இடத்துக்கு டேட்டாபேஸ் தருகிற முதல் லாபம் இந்தக் கண்டிப்புதான். வேகம் எல்லாம் அப்புறம்.

அளவு ஒரு பிரச்சினையா என்றால், இப்போதைய எக்ஸல் ஷீட்டில் 10,48,576 வரி கொள்ளும். 2003 வரை வந்த பழைய எக்ஸ்எல்எஸ் வகையில் 65,536 தான். இது வெறும் பழங்கதை இல்லை. 2020-இல் இங்கிலாந்தில் கொரோனா பாசிட்டிவ் முடிவுகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைலில் ஏற்றப் போய், இடம் நிரம்பி, 15,841 பேர் கணக்கில் வராமல் விடுபட்டார்கள். மண்டிக்கு அந்த நிலைமை வராது. நீங்களும் தம்பியும் கணக்குப்பிள்ளையும் ஒரே நேரத்தில் ஒரே ஃபைலில் பதிகிறீர்களா? ஆம் என்றால் மாறுங்கள். போஸ்ட்கிரெஸ் என்கிற டேட்டாபேஸ் இலவசம்தான். பணம் கொடுப்பது என்ட்ரி ஸ்கிரீன் எழுதுகிற ஆளுக்கு. தனியாக ஒரு ஆள் மட்டும் பதிகிற கணக்கு என்றால் எக்ஸலிலேயே டேட்டா வேலிடேஷன் லிஸ்ட் போட்டுவிட்டு இருக்கிற காசைச் சேமியுங்கள்.

கேள்வி: இந்த வருடம் பில்லே போடாத பார்ட்டி லிஸ்ட் கேட்டார்கள். 'நாட் இன்' போட்டால் ஒரு வரி கூட வரவில்லை. ஆனால் அப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று எனக்கே தெரியும்.
- பவானி வாசகர்

பதில்: பில் டேபிளில் பார்ட்டி கோடு 'நல்' (null), அதாவது ஒன்றும் பதியாமல் காலியாக உள்ள பில் ஒன்றாவது இருக்கும், தேடிப் பாருங்கள். அது ஒன்று போதும், நாட் இன் மொத்தமும் காலி. 'தெரியாது' என்பதோடு ஒப்பிட்டு 'இவர் அதில் இல்லை' என்று அதனால் அடித்துச் சொல்ல முடியாது. நாட் எக்ஸிஸ்ட்ஸ் எழுதுங்கள். அந்தக் கோடு இல்லாத பில்லைப் போட்டது யார் என்றும் விசாரியுங்கள்.

கேள்வி: நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன மில்லுக்கு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். அதை ஓட்டும்போதெல்லாம் எடைமேடையில் என்ட்ரி நின்றுவிடுகிறது. லாரி வரிசை கேட்டுக்கு வெளியே போகிறது. நண்பன், பூட்டுப் போடாமல் படிக்க வைக்கிற நோலாக் போடச் சொல்கிறான். அத்தோடு மார்ச் மாத விற்பனை ஆடிட்டர் கணக்கைவிடக் கொஞ்சம் குறைகிறது.
- ராசிபுரம் வாசகர்

பதில்: உங்களுடையது மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸ் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். அது வழக்கமான அமைப்பில், படிக்கிறவர் படிக்கிற இடத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு படிக்கும். எழுத வருகிறவர் காத்திருக்க வேண்டும். உங்கள் ரிப்போர்ட் வருடம் முழுவதையும் மேய்ந்தால் எடைமேடைத் தம்பி பாவம் என்ன செய்வார்? நோலாக் போட்டால் வரிசை நகரும். ஆனால் இன்னும் உறுதியாகாத என்ட்ரியும் கணக்கில் ஏறும், சில வரி இரண்டு தடவை ஏறும், சில வரி விட்டுப்போகும். லோடுக் கணக்குக்கு அதை நான் போட மாட்டேன். ரீட் கமிட்டட் ஸ்னாப்ஷாட் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால் படிப்பவர் எழுதுபவரை மறிக்க மாட்டார். டெம்ப்டிபி-யில் (சர்வரின் தற்காலிகக் கிடங்கு) இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மில் ஓடாத நேரத்தில் இயக்குங்கள். முடிந்தால் ராத்திரியில் ரிப்போர்ட்டுக்கு என்று ஒரு நகல் எடுத்து, எல்லா ரிப்போர்ட்டையும் அதில் ஓட்டுங்கள். நேற்று வரைக்கும் உள்ள கணக்கு போதாது என்கிற ரிப்போர்ட் நிஜத்தில் ஒன்றிரண்டுதான் இருக்கும்.

அடுத்து, நீங்கள் அனுப்பிய க்வெரியில் 'இயர்(பில்தேதி) = 2025' என்று இருக்கிறது. தேதிக் காலத்தை இப்படி ஃபங்ஷனுக்குள் மூடிவிட்டால், இன்டெக்ஸ் இருந்தாலும் அதில் நேராகப் போய் நிற்க முடியாது. ஒவ்வொரு வரியையும் எடுத்து இது எந்த வருடம் என்று பார்க்கும். ஜனவரி 1 முதல், அடுத்த ஜனவரி 1-க்குக் கீழே என்று எழுதுங்கள்.

மார்ச் குறைவதும் இதற்குப் பங்காளிதான். மார்ச் 1-க்கும் மார்ச் 31-க்கும் 'பிட்வீன்' போட்டிருக்கிறீர்கள். தேதி உள்ள காலத்தில் (column) நேரமும் சேர்ந்திருந்தால் மார்ச் 31 என்பது 31 பிறக்கிற நள்ளிரவு 12 மணி. அன்றைக்குப் பகல் முழுவதும் போட்ட பில் வெளியே நிற்கும். வருடக் கடைசி நாளில் நம் ஊரில் எத்தனை பில் போடுவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? 'மார்ச் 1 முதல், ஏப்ரல் 1-க்குக் கீழே' என்று மாற்றுங்கள்.

கேள்வி: எங்கள் பவர் பிஐ ரிப்போர்ட் வருடத்தை ஜனவரியிலிருந்து ஆரம்பிக்கிறது.
- கரூர் வாசகர்

பதில்: டோட்டல்ஒய்டிடி-யின் கடைசி இடத்தில் வருட முடிவு மார்ச் 31 என்று கொடுங்கள். தேதி டேபிளில் நிதியாண்டுக்கு ஒரு காலம் (column) வேண்டுமானால், தேதியை மூன்று மாதம் பின்னுக்குத் தள்ளி அதன் வருடத்தை எடுங்கள். ஏப்ரல் 2025 ஜனவரி 2025 ஆகும், மார்ச் 2026 டிசம்பர் 2025 ஆகும். இரண்டும் ஒரே வருடத்தில் விழுந்துவிடும்.

கேள்வி: கோபியில் ஒரு அரிசி ஆலைக்கு சாஃப்ட்வேர் எழுதினேன். விவசாயிகள் பெயரைத் தமிழில் பதிந்தால் டேபிளில் வரிசையாகக் கேள்விக்குறியாக இருக்கிறது.
- சத்தியமங்கலம் வாசகர்

பதில்: பெயர் பதிகிற காலம் (column) வார்கேரக்டர் (varchar) வகையாக இருக்கும். தமிழும் கொள்கிற என்வார்கேரக்டராக (nvarchar) மாற்றுங்கள். இன்சர்ட்டில் பெயரின் மேற்கோள்குறிக்கு முன்னால் N என்ற ஆங்கில எழுத்தையும் போடுங்கள். அதை மறந்தால் காலம் சரியாக இருந்தும் கேள்விக்குறிதான் உள்ளே போகும். ஏற்கெனவே கேள்விக்குறியாகப் பதிந்தது இனி திரும்பாது. ரசீதுப் புத்தகத்தைப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டியதுதான். பழைய பட்டியலை யாராவது பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்தால் பதற வேண்டாம். அது ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் உருவம் போர்த்தியது. யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றியதும் ஊர்ப் பெயர்களை மட்டும் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அக்கா, கேட்டால் ஏஐ-யே எஸ்க்யூஎல் எழுதித் தருகிறது. பிஎஸ்சி முடிக்கப் போகிறேன். இனி இதைப் படிப்பது வீணா? சரவணம்பட்டியில் ரிப்போர்ட் டெவலப்பர் வேலை கிடைக்கிறது, ஆனால் நண்பர்கள் அது 'நிஜ' டெவலப்பர் வேலை இல்லை என்கிறார்கள்.
- கோவை வாசகி

பதில்: ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் (Codd), டேபிள் டேபிளாக டேட்டாவை வைக்கும் யோசனையை 1970-இல் எழுதினார். 1974-இல் அங்கேயே சேம்பர்லினும் பாய்ஸும் சீக்வல் என்ற மொழியைக் கொண்டுவந்தார்கள். அதுதான் இன்றைய எஸ்க்யூஎல். புரோகிராம் எழுதத் தெரியாதவரும் தானே கேட்டுக்கொள்ளட்டும் என்பதுதான் அன்றைக்கு அவர்கள் நினைத்தது. ஐம்பது வருடம் ஆகிவிட்டது, எங்கள் மெர்சண்டைசர் இன்றைக்கும் எனக்குத்தான் போன் செய்கிறார். அவருக்குத் தெரியாதது எஸ்க்யூஎல் மட்டும் இல்லை, தனக்கு என்ன வேண்டும் என்பதும்தான்.

நானும் ஏஐ-யிடம் எழுதி வாங்குகிறேன், தினமும். போன வாரம் 'ஸ்டைல்வாரியாக ஆர்டரும் டெஸ்பேட்சும் கொடு' என்று கேட்டேன். சுத்தமாக எழுதிக் கொடுத்தது. முதல் கேள்வியில் பெருந்துறைத் தம்பி போட்ட அதே ஜாயின். டெஸ்பேட்சில் ஒரு வரி ஒரு டிசி என்று நான் சொல்லவில்லை, அதற்கும் தெரிந்திருக்கவில்லை. சொன்னதும் திருத்திவிட்டது. நீங்கள் படிக்க வேண்டியது அந்த இடத்தைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு.

வேலைக்குப் போங்கள், சாமி. நண்பர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். சேர்ந்த முதல் வாரம் அவர்கள் கொடுக்கிற டேபிள் லிஸ்டை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரி என்றால் என்ன என்று பென்சிலால் எழுதுங்கள். எழுத வராத டேபிளுக்கு எதிரே அதில் என்ட்ரி போடுகிறவர் பெயரை எழுதிக்கொண்டு, டீ நேரத்தில் அவரிடம் போய் உட்காருங்கள். பென்சில்தான், பேனா வேண்டாம். நிறைய அழிப்பீர்கள்.