எந்தக் கரை, எந்தத் திதி?

அன்புள்ள அண்ணாச்சி,

ஐரோலியில் இருக்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி. மும்பைக்கு வந்து 11 வருடம் ஆகியும் ஜுஹு, அக்ஸா தாண்டிக் கடல் பார்த்ததில்லை. போன ஜனவரியில்தான் முதன்முறையாக காஷித் போனோம். மதியம் 3 மணிக்குக் கரையில் போர்வையை விரித்தால், காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. கட்டிக்கொண்டு போன புளிசாதம் முழுக்க மணல். சின்னவள் அழுது, அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டோம்.

இந்த டிசம்பரில் ஐந்து நாள் கொங்கண் கரையோரமாகப் போகலாம் என்று இருக்கிறோம். சொந்தக் கார். நான், மனைவி, ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள், 68 வயது அம்மா. ஆபீஸ் நண்பர்கள் தந்த பட்டியலில் அலிபாகிலிருந்து வெங்குர்லா வரை 14 கடற்கரைகள் இருக்கின்றன. எதைப் பார்ப்பது, எதை விடுவது? லீவு இரண்டு வாரங்களில் ஏதாவது ஒன்றில் எடுக்கலாம். ஒன்று பௌர்ணமியில் தொடங்குகிறது, மற்றது அஷ்டமியில். அஷ்டமியில் வண்டி எடுக்கவே கூடாது என்கிறார் அம்மா. உங்களிடம் இன்னொன்றும் கேட்கச் சொன்னார்: அங்கே சூரியன் கடலில் உதிக்குமா?

எஸ்., ஐரோலி

அன்புள்ள தம்பி,

அம்மா பேச்சைக் கேளுங்கள். பௌர்ணமி வாரத்தையே எடுங்கள். அவர் சொல்லும் காரணத்தை நான் ஏற்கவில்லை, ஆனால் முடிவு சரியானது. ஏன் என்று சொல்கிறேன்.

பட்டியலில் மோசமான கரை என்று ஒன்றும் இல்லை. ஆனால் பெயரை மட்டும் வைத்துக் கரையைத் தேர்ந்தெடுப்பது நம்மூர்க்காரர்கள் இங்கே வந்து செய்கிற தப்பு. நம்ம தூத்துக்குடிக் கடல் காலையில் எங்கே கிடக்கிறதோ, ஏறக்குறைய அங்கேயேதான் சாயங்காலமும் கிடக்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம் வருவதே அபூர்வம். மும்பைப் பக்கம் பெரிய நாட்களில் கடல் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. சரிவு குறைந்த மணலில் நாலு மீட்டர் உயரம் என்றால், தண்ணீர் நூறு இருநூறு மீட்டர் தள்ளிப் போய்விட்டுத் திரும்பி வருகிறது என்று அர்த்தம். தெற்கே போகப்போக இது குறையும், கோவாவில் சுமார் 2 மீட்டர்தான். ஆக, ஒரே கரை காலை 7 மணிக்கு ஓடி விளையாடும் மைதானமாகவும் மதியம் 12 மணிக்கு நிற்க இடமில்லாத பாறை விளிம்பாகவும் இருக்கும். இரண்டையும் இரண்டு பேர் பார்த்துவிட்டு வந்து ஒரே பெயரைச் சொல்லிச் சண்டை போடுவார்கள்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் மைத்துனரோடு ஹரிஹரேஷ்வர் போனேன். அவருக்கு அமாவாசைத் தர்ப்பணம், அந்த ஊர் பித்ரு காரியத்துக்குப் பேர் போனது. காரியம் முடிந்து, ஆளுக்கு ஒரு தட்டு போஹா சாப்பிட்டுவிட்டு, காலை 9 மணிக்குப் பிரதட்சிணம் கிளம்பினோம். அங்கே பிரதட்சிணம் என்பது பிராகாரத்தைச் சுற்றுவது இல்லை. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் குன்றையே சுற்ற வேண்டும். படியேறி, இரண்டு பாறைகளுக்கு நடுவே செங்குத்தாக இறங்கினால், கடல் அரித்துத் தட்டையாக்கிய பாறைத் திட்டில் போய் நிற்பீர்கள். ஒரு பக்கம் குன்று, மறுபக்கம் திறந்த அரபிக்கடல். குன்றின் சுவர் முழுக்கத் தேன்கூடு போலக் குழிகுழியாக உப்புக் காற்று தின்று வைத்திருக்கும். நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மைத்துனர் ஒவ்வொரு குழியிலும் விரலை விட்டுப் பார்த்தார். பாதி தூரம் வந்தபோது, பாறையில் சிப்பி பெயர்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு எங்களைப் பார்த்து, "பர்தி ஆலி, பர்தி!" என்று கத்தினார். ஏற்றம் வந்துவிட்டது என்று சொல்கிறார் என்பது எங்களுக்குப் புரிந்தது. அது எவ்வளவு சீக்கிரம் வரும் என்பதுதான் புரியவில்லை. நடந்து வந்த பாறை மேல் அலை படரத் தொடங்கியிருந்தது. அந்த அம்மாள் பின்னாலேயே ஓடி, முழங்கால் தோல் உரிந்து, மைத்துனரின் ஒரு செருப்பைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத்தான் மணலுக்கு வந்தோம். அங்கே அலை இழுத்துப் போன ஆட்கள் உண்டு, நாங்கள் ஒரு செருப்பு நஷ்டத்தோடு தப்பித்தோம்.

அன்று சாயங்காலம் தங்கியிருந்த வீட்டுக்காரர் ஒரு கணக்கு சொன்னார். இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். திதியின் எண்ணை முக்காலால் பெருக்கினால் ஏற்றம் உச்சத்துக்கு வரும் மணி கிடைக்கும். சதுர்த்தி என்றால் நாலு முக்கால் மூன்று, மணி 3. அஷ்டமிக்கு எட்டு முக்கால் ஆறு. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் பதினைந்து முக்கால் பதினொன்றே கால், 12 வரை வைத்துக்கொள்ளலாம். பகலுக்கும் இரவுக்கும் ஒரே மணிதான். அதிலிருந்து ஆறு மணி நேரம் தள்ளினால் வற்றம். நாளுக்கு முக்கால் மணி நேரம் பின்னால் போகும். நிமிடக் கணக்காகச் சரியாக இருக்காது, தெற்கே மால்வண் பக்கம் போனால் இன்னும் கொஞ்சம் முன்னால் வரும். ஆனால் சமையலறையில் தொங்கும் தினசரிக் காலண்டரை வைத்து இவ்வளவு தெரிந்துகொள்ள முடிகிறதே, போதாதா? நாங்கள் அமாவாசையன்று 9 மணிக்கு இறங்கினோம். கணக்கைப் போட்டுப் பாருங்கள், உங்களுக்கே சிரிப்பு வரும்.

இனி காற்று. புளிசாதத்தில் மண் விழுந்ததற்கு காஷித் மேல் தப்பில்லை. டிசம்பர், ஜனவரியில் இங்கே காலைக் காற்று சஹ்யாத்ரி மலைப் பக்கமிருந்து கடலைப் பார்த்துப் போகும். மராட்டியில் அதற்கு மத்லயி வாரா என்று பெயர். அந்த நேரத்தில் கடல் எண்ணெய் மாதிரி இருக்கும். வெயில் ஏறி நிலம் சூடானதும் காற்று திரும்பும். கடலிலிருந்து, பெரும்பாலும் வடமேற்கிலிருந்து, காரா வாரா, அதாவது உப்புக் காற்று. மூன்று, நாலு மணிக்கு அதன் உச்சம். சூரியன் விழுந்த பிறகுதான் அடங்கும். நீங்கள் சரியாக அந்த 3 மணிக்குப் போர்வையை விரித்திருக்கிறீர்கள். (1986இல் இந்தியாவில் முதன்முதலாகக் காற்றாலைகள் வைத்த இடங்களில் நம்ம தூத்துக்குடிப் பக்கமும் உண்டு, ரத்னகிரிக் கரையும் உண்டு. நீங்கள் ஒரு காற்றடி ஊரை விட்டு இன்னொன்றுக்கு வந்திருக்கிறீர்கள்.)

வடமேற்குக் காற்று என்பதால் கரையைத் தேர்ந்தெடுப்பதும் சுலபம். மேப்பைத் திறந்து பாருங்கள். இந்தக் கரை நேர்க்கோடாக ஓடாது. எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கல் முனை ஒன்று கடலுக்குள் நீட்டும், அடுத்து ஒரு பிறைத் துண்டு மணல், மறுபடி ஒரு முனை. எந்த மணலுக்கு வடக்கே முனை நன்றாக நீண்டிருக்கிறதோ, அதன் வடகோடியில் காற்று குறைவு. முனை இல்லாவிட்டால் சவுக்குத் தோப்பாவது இருக்க வேண்டும். குஹாகரில் தோப்பு இருக்கிறது. திவேகரிலும் அடர்த்தியாக இருந்தது, 2020 ஜூன் 3ஆம் தேதி நிசர்கா புயல் அதில் பெரும்பகுதியைச் சாய்த்துவிட்டது. பழைய போட்டோவைப் பார்த்து நிழலை எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது ஏன் பௌர்ணமி என்பது புரிந்திருக்கும். காலையில் வற்றம், காற்றும் எதிரே அடிக்காது. மதியம் ஏற்றமும் காற்றும் சேர்ந்து வரும், அப்போது நீங்கள் அறையில் சோல்கடி என்கிற தேங்காய்ப்பால் பானம் குடித்துவிட்டுப் படுத்திருப்பீர்கள். மாலையில் மறுபடி வற்றம். அஷ்டமியில் இது தலைகீழாகிவிடும். நடக்கிற காலை, மாலை நேரத்தில் மணல் இருக்காது, காற்றும் வெயிலும் அடிக்கும் நேரத்தில் மணல் அகலமாகக் கிடக்கும். அஷ்டமிக்கு ஒரே ஒரு நல்ல குணம், தண்ணீரின் ஏற்ற இறக்கமும் இழுப்பும் குறைவு. பௌர்ணமியில் இழுப்பு பலமாக இருக்கும், அதனால் பிள்ளைகள் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். அதுவும் கரையின் நடுப்பகுதியில் மட்டும். பாறை முனையை ஒட்டி வேண்டாம், ஆறு கடலில் சேரும் இடத்தில் வேண்டவே வேண்டாம். இரண்டு பக்கமும் அலை உடைந்து, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாகத் தெரிந்தால், குளிக்க நல்ல இடம் என்று தோன்றும். தண்ணீர் உள்ளே இழுத்துக்கொண்டு போகிற வழி பெரும்பாலும் அதுதான்.

சரி, பட்டியலுக்கு வருவோம். பதினான்கில் பத்தை அடித்துவிடுகிறேன். அலிபாக், காஷித் எல்லாம் வார இறுதியில் போய் வரலாம். கணபதிபுளே, தார்கர்லி, வெங்குர்லாவுக்கு இன்னொரு தடவை ரயிலில் போங்கள். இங்கே பக்கத்துக் கரை என்று மேப்பில் தெரிவது பக்கத்தில் இருக்காது, நடுவில் ஒரு கழிமுகம் புகுந்து ஐம்பது கிலோமீட்டர் சுற்ற வைக்கும். இங்கே அதைக் காடி என்பார்கள், இந்தியில் வண்டிக்குச் சொல்கிற காடி மாதிரியே நம் காதில் விழும். "காடிக்கு அந்தப் பக்கம்" என்று யாராவது வழி சொன்னால் வண்டியைத் திரும்பிப் பார்க்காதீர்கள்.

மாண்காவ் வழியாக இறங்கி ஸ்ரீவர்தனில் இரண்டு இரவு. பாக்குத் தோப்புகளுக்கு நடுவே வீடுகளில் தங்கலாம். இரண்டாம் நாள் மாலை 5 மணிக்கு, தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஹரிஹரேஷ்வர் பிரதட்சிணம். கோயில்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள், இருட்டுவதற்குள் மேலே வந்துவிடுங்கள். அம்மா சன்னிதியிலேயே இருக்கட்டும், அந்தப் படிகள் அவருக்கு ஆகாது. மூன்றாம் நாள் பாக்மண்டலாவில் காரோடு ஜங்கல் ஜெட்டியில், அதாவது வண்டிகளை ஏற்றிப் போகும் படகில், ஏறினால் சாவித்ரி ஆற்றைக் கடந்து வேஷ்வியில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து கேள்ஷி, ஆஞ்சர்லே என்று கரையோரமாகவே வந்து ஹர்ணையில் நிறுத்துங்கள். மாலையில் மணலிலேயே மீன் ஏலம் நடக்கும், எதிரே கடலுக்குள் சுவர்ணதுர்க் கோட்டை. என் கணிப்பு, இந்தப் பயணத்திலேயே அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கப் போவது இதுதான். விலை கேட்காமல் நகர மாட்டார். ஆனால் தாபோளில் வாசிஷ்டி ஆற்றைக் கடக்க இன்னொரு ஜெட்டி இருக்கிறது, அதன் கடைசி நேரத்தைக் காலையிலேயே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். தவறவிட்டால் ராத்திரியில் சிப்ளூண் சுற்றித்தான் போக வேண்டும்.

அப்புறம் குஹாகரில் இரண்டு இரவு. நீளமான சமதள மணல், அம்மா தானாகவே நடக்கலாம். நாலாம் நாள் வேள்ணேஷ்வர் பார்த்துவிட்டு ஹெத்வி போங்கள். ஹெத்விக்கு மட்டும் ஏற்றம் வேண்டும். பாறையில் ஒரு ஒடுக்கமான பிளவு, பாமண்கள் என்று பெயர், தண்ணீர் அதற்குள் புகுந்து பீறிட்டு மேலே எழும்பும். வற்றத்தில் போனால் வெறும் பள்ளம். அன்று திருதியை, முக்கால் கணக்கில் இரண்டே கால் வருகிறது, 2 மணிக்கு அங்கே இருங்கள். பிள்ளைகள் கையை விடாதீர்கள், விளிம்புக்குப் போகாமல் தள்ளி நின்றே பார்க்கலாம். ஐந்தாம் நாள் சிப்ளூண் வழியாக வீடு.

அம்மாவின் கேள்விக்கு: சூரியன் இங்கே கடலில் உதிக்காது, மலைக்குப் பின்னால் உதித்துக் கடலில் விழும். ஆனால் ஸ்ரீவர்தனில் முதல் ராத்திரி தூங்கி எழுந்ததும், ஆறரைக்கே அவரைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பௌர்ணமிக்கு மறுநாள் காலை அது. முதுகுப் பக்கம் வெளுக்கும்போது, எதிரே கொஞ்சம் வடக்கே தள்ளி, முழு நிலா கடலைப் பார்த்து இறங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் வற்றி ஈர மணல் வெகுதூரம் கிடக்கும். சால்வை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், மலைக்காற்று குளிரும்.