எலிசபெத் காட்டன் லேட்டா ஆரம்பிச்சவங்க இல்ல

வணக்கம் சார். போன வாரம் நீங்க எழுதினதுல எலிசபெத் காட்டன்னு ஒரு அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி, கிட்டார் கலைஞர் பேரு வந்துச்சு, தேடிப் பாத்தேன். அறுபது வயசுக்கு மேல மேடை ஏறினவங்களாம்! எனக்கு 47. கிட்டார் வாங்கி ரெண்டே மாசத்துல பீரோ மேல தூக்கிப் போட்டுட்டேன். இவங்க கதையப் படிச்சதும் இன்னும் டைம் இருக்குன்னு தோணுது. சரிதானே?
- ஒரு வாசகர்

வணக்கம். கிட்டார இறக்கி தூசி தட்டுங்க, அத யாரு வேணாங்கறா. ஆனா அந்தம்மா அறுபதுல ஆரம்பிச்சாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க, எனக்கு சுர்ருன்னு வருது.

நார்த் கரோலினாவுல கார்பரோன்னு ஊரு, 1893ல பொறந்த கறுப்பினப் பொண்ணு. அண்ணன் வெளிய போனதும் அவரு பாஞ்சோவ (கிட்டார் மாதிரி ஒரு தந்தி வாத்தியம்) எடுத்து திருட்டுத்தனமா வாசிச்சுப் பழகி, அப்புறம் வீட்டு வேலைக்குப் போயி, மாசம் ஒரு டாலர் கிடைச்சாலே பெருசுங்கற சம்பளத்துல சேத்து வெச்சு 3 டாலர் 75 சென்ட்டுக்கு சொந்தமா ஒரு கிட்டார் வாங்கினாங்க. இடது கைப்பழக்கம், தந்திய மாத்திக் கட்டல, கிட்டாரையே திருப்பிப் புடிச்சிட்டாங்க. அதனால மத்தவங்க கட்டைவிரல்ல அடிக்கற பேஸ, அதாவது கனமான கீழ் ஸ்வரங்கள, இவங்க விரல்ல அடிப்பாங்க, மெலடி கட்டைவிரல்ல வரும். இவங்களோட பேர்போன 'ஃப்ரைட் ட்ரெயின்' பாட்ட கட்டினப்போ பதினொண்ணு பன்னெண்டு வயசுதான்.

அப்புறம் கல்யாணம், குழந்தை, இந்த மாதிரி பாட்டெல்லாம் ஆகாதுன்ன சர்ச்சு. கிட்டார் போச்சு. நாப்பது வருஷம் பக்கம் சார்! அடுத்தவங்க வீட்டுல சமைச்சு துவைச்சே போச்சு.

வாஷிங்டன்ல ஒரு கடைல வேலை பாத்தப்போ, காணாமப்போன ஒரு சின்னப் பொண்ண அம்மாகிட்ட சேத்து வெச்சாங்க. அது பெகி சீகர், பின்னாடி நாட்டுப்புறப் பாடகி ஆனவங்க. அம்மா ரூத் க்ராஃபோர்ட் சீகர், பெரிய கம்போசர். அவங்க வீட்டுக்கே வேலைக்குப் போனாங்க, அங்க செவுத்துல தொங்கின கிட்டார ஒரு நாள் எடுத்து வாசிச்சது பெகி காதுல விழுந்துச்சு. இதத்தான் 'சீகர் குடும்பம் கண்டுபுடிச்சது'ன்னு எழுதறாங்க. வீட்டுக்குள்ளயே இருந்த ஆளு, என்னத்த கண்டுபுடிக்கறது? ஆனா பெகியோட அண்ணன் மைக் சீகர் டேப் ரெக்கார்டர தூக்கிட்டு காட்டன் வீட்டுக்கே போயி ரெக்கார்ட் பண்ணலன்னா 1958ல ஃபோக்வேஸ் கம்பெனி போட்ட இவங்களோட ரெக்கார்டு வந்திருக்காது, அதையும் சொல்லணும்.

இன்னொரு கூத்து, பெகி இங்கிலாந்து போயி 'ஃப்ரைட் ட்ரெயின்' பாட்டப் பாட, அங்க ரெண்டு பேரு தாங்க எழுதினதா காப்பிரைட் வாங்கிட்டாங்க. 1957ல அங்க ஹிட்டும் ஆச்சு. மல்லுக்கட்டித்தான் இவங்க பேரு ஏறுச்சு. கிராமி வந்தது 1985ல, வயசு 92. ரெண்டு வருஷத்துல போயிட்டாங்க.

வீடியோ இருக்கு, அந்தக் கட்டைவிரல மட்டும் பாருங்க. நீங்க வலது கைக்காரரா இருந்தா கிட்டார திருப்பிப் புடிச்சு ட்ரை பண்ணாதீங்க, நான் பண்ணேன், ரெண்டு நாள் மணிக்கட்டு வலி.