குவாரியில் 30 ஆண்டுக்குக் கல் இருக்கிறதா?

கேள்வி: கட்டுமான நிறுவனத்தில் கொள்முதல் பார்க்கிறேன். அடுத்த 10 ஆண்டுக்கான மணல், ஜல்லித் தேவையைத் திட்டமிட வேண்டும். எங்களுக்குச் சரக்கு தரும் குவாரியில் 30 ஆண்டுக்குக் கல் இருக்கிறது என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: கல் இருக்கலாம். அதை வெட்ட அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். அனுமதி பெற்ற இருப்பு 60 லட்சம் டன், ஆண்டு விற்பனை 5 லட்சம் டன் என்றால் கையில் இருப்பது 12 ஆண்டுதான். பக்கத்தில் பெரிய சாலைப் பணி வந்து விற்பனை ஏழரை லட்சமானால் அது 8 ஆண்டாகச் சுருங்கிவிடும். அந்தச் சரக்கு உங்களுக்கு மட்டுமானதும் இல்லையே! இங்கிலாந்தில் மணல், சரளைக்கு 7 ஆண்டு, உடைகல்லுக்கு 10 ஆண்டு அனுமதி இருப்பாவது எப்போதும் இருக்க வேண்டும் என்பது திட்டமிடல் கொள்கை. புதுக் குவாரிக்கு அனுமதி கிடைக்கவே சில ஆண்டுகள் ஓடிவிடும் என்பதால், உங்கள் கணக்கிலும் அப்படி ஓர் எல்லைக்கோடு போடுங்கள்.

தேவையைக் கணக்கிடுவது சுலபம். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு மணலும் ஜல்லியும் சேர்ந்து ஏறக்குறைய 1.8 டன் போகும். சாலை அடித்தளம், நிரப்பு வேலைகளைத் தனியாகக் கூட்டுங்கள். பலர் கோட்டைவிடுவது அங்கேதான்.

மொத்த டன்னை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். கிரஷரில் கல்லைப் போட்டால் 20 மி.மீ. ஜல்லி மட்டும் வராது; சிறு ஜல்லியும் தூளும் சேர்ந்தே வரும். எல்லோரும் 20 மி.மீ. கேட்டால் தூள் மலையாகக் குவியும், ஜல்லிக்குத் தட்டுப்பாடு வரும். அந்தத் தூளை எம்-சாண்ட் (கல்லை உடைத்துத் தயாரிக்கும் செயற்கை மணல்) என்று யாராவது விற்க வந்தால், துகள் அளவுகளைக் காட்டும் சல்லடைச் சோதனை அறிக்கை கேளுங்கள். ஆற்று மணலை 10 ஆண்டுத் திட்டத்தின் அச்சாணியாக வைக்க நான் சொல்ல மாட்டேன். அளவு மீறி அள்ளினால் ஆற்றுப்படுகை தாழும், பாலத் தூண்களின் அடித்தளம் வெளியே தெரியும், ஒரு நாள் தடை வரும். இடித்த கான்கிரீட்டை உடைத்த ஜல்லி தண்ணீரை அதிகம் உறிஞ்சும். சாலை அடித்தளத்துக்கு அதை ஒதுக்கினால் நல்ல கல் மிச்சமாகும்.

ஒப்பந்தம் போடும்போது ஈரத்தையும் எழுதிவிடுங்கள். ஈர மணல் கன அளவில் 20 சதவீதத்துக்கு மேலேயே உப்பும். எடையில் வாங்கினாலும் தப்பிக்க முடியாது: 5 சதவீத ஈரம் என்றால் 20 டன் லோடில் ஏறக்குறைய ஒரு டன் தண்ணீர்.