உயிரியலுக்கும் சமூகத்துக்கும் அரசுக் கொள்கைக்கும் அப்படி என்ன சம்பந்தம்?

நீலகிரி மாவட்டம் கூடலூர் பக்கம் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். நீங்கள் கேட்கும் சம்பந்தத்தைத் தினமும் கண்ணாடிக் குழாயில் பார்க்கிறேன்.

சிக்கிள் செல் சோகை, பெற்றோர் வழியாக வரும் ரத்த நோய். அதற்கான முதல் சோதனை எளிது. ரத்தத்தைக் கரைசலில் கலந்து, சில நிமிடம் கழித்துக் கோடு போட்ட தாளுக்கு முன்னால் குழாயைப் பிடிப்போம். கோடு தெரிந்தால் சரி. கலங்கிக் கோடு மறைந்தால் மாறுபட்ட ஹீமோகுளோபின் இருக்கிறது. அது தாய், தகப்பன் இருவரில் ஒருவர் வழியாக வந்ததா, இருவர் வழியாகவும் வந்ததா என்று அந்தக் குழாய் சொல்லாது. அதற்கு, ஹீமோகுளோபின் வகைகளை மின்சாரத்தால் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரசிஸ் போன்ற இன்னொரு சோதனை வேண்டும். ஒருவர் வழி என்றால் பெரும்பாலும் தொந்தரவே இருக்காது. இருவர் வழி என்றால் சிவப்பணு அரிவாளாக வளைந்து ரத்தக் குழாய்களை அடைக்கும். வலி உயிரை எடுக்கும். முதல் குழாயோடு நிறுத்தி 'பாசிட்டிவ்' என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் நிச்சயித்த கல்யாணமே நின்றுபோகும்.

இந்தியாவில் இது முதலில் தெரியவந்ததே 1952-ல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். மலேரியா வாட்டிய காடுகளில், ஒருவர் வழியாக மட்டும் வந்த அந்த ஒற்றை மரபணு மலேரியாவிலிருந்து உயிரைக் காத்தது, அதனால் தலைமுறைகளாக நிலைத்தது.

19 வயதுப் பணியர் பழங்குடிப் பெண் ஒருத்தி வந்தாள். மழையில் தேயிலைக் கொழுந்து பறித்த அன்றெல்லாம் இரவில் மூட்டு வலி. கங்காணி சோம்பேறி என்றாராம். வேறொரு இடத்தில் வருடக்கணக்காக இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். "நான் பொய் சொல்லலக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தாய் வழி, தகப்பன் வழி என இரண்டு மரபணுவும் இருந்தன. குளிரும், தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வதும் வலியைக் கிளப்பிவிடும்.

2023-ல் ஒன்றிய அரசு, 40 வயது வரை 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2047-க்குள் ஒழிப்பது இலக்கு. மனதார வரவேற்கிறேன். ஆனால் எத்தனை பேரைச் சோதித்தோம் என்பதோடு, வலி வருவதைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை மாதாமாதம் கிடைக்கிறதா, மழைநாளில் நனையாத வேலை உண்டா என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இந்த நோயும் இருக்கிறது. சான்றிதழுக்கு அலைந்தால் அன்றைய கூலி போய்விடும்.

இப்போது மழை வந்தால் அவளுக்கு எடை போடும் ஷெட்டில் வேலை. தம்பிக்கும் இந்த நோய் இருக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு, அடுத்த முறை கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.