ஐப்பசி மழைக்கு முன் ஒரு டன் விறகு: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். வீட்டில் ஐந்து பேர். எல்லோருக்கும் வெந்நீரும் இரண்டு வேளைச் சோறும் புறவாசல் விறகடுப்பில்தான். கேஸ் இணைப்பு இருந்தாலும் காப்பிக்கும் தாளிப்புக்கும் மட்டுமே அதைப் பற்ற வைக்கிறோம். நாளொன்றுக்கு ஐந்து கிலோ விறகு ஆகிறது. அதில் பாதி வெந்நீருக்கே போகிறது. ஆவணிக்குள் எடுத்தால் புதிதாக வெட்டிய விறகை டன் 6,000 ரூபாய்க்கு இறக்கித் தருவதாக விறகுக்கடைக்காரர் சொல்கிறார். காய்ந்த விறகு இப்போது கிலோ 8 ரூபாய். அடைமழையில் 10 ரூபாய் ஆகிவிடுமாம். கையில் 3,000 ரூபாய்தான் இருக்கிறது. 50,000 ரூபாய் ஏலச்சீட்டு ஒன்று தை மாதம் முடிகிறது. சீட்டைத் தள்ளி எடுக்கலாமா, அல்லது ஒரு பவுன் செயினை அடகு வைக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் 3,000 ரூபாய்க்குள்ளேயே இந்த மழைக்காலத்துக்கு வேண்டிய விறகை வாங்கிவிட முடியும். அதற்கு முதலில் அந்த 6,000 ரூபாய் விலையைச் சரியாகப் பார்க்க வேண்டும்.

புதிதாக வெட்டிய விறகின் எடையில் நூற்றுக்கு நாற்பது பங்கு தண்ணீராக இருப்பது சாதாரணம். ஒரு டன் பச்சை விறகை இறக்கினால் 600 கிலோ கட்டைக்கும் 400 லிட்டர் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் நீங்கள் விலை கொடுக்கிறீர்கள். அது எரிக்கும் பதத்துக்குக் காயும்போது, அதாவது தண்ணீர் நூற்றுக்கு இருபது பங்காகக் குறையும்போது, எடை 750 கிலோவுக்கு வந்துவிடும். 6,000 ரூபாயை 750 ஆல் வகுத்துப் பாருங்கள். கிலோ 8 ரூபாய்தான் வருகிறது. காய்ந்த விறகுக்குக் கடைக்காரர் சொல்லும் விலையும் அதேதான் என்னும்போது, மலிவு என்று நினைத்ததில் உங்களுக்கு மிச்சம் ஒரு காசும் இல்லை. காய வைக்கும் பாடும், காயாமல் போனால் வரும் நஷ்டமும் உங்கள் தலையில் ஏறுவதுதான் வித்தியாசம். ஆவணியிலிருந்து ஐப்பசி பிறக்க இரண்டு மாதம்கூட முழுதாக இல்லை. கீறாத கனமான முண்டுகள் அதற்குள் உள்வரை காய்வது கடினம். காயாத விறகை அடுப்பில் வைத்தால், அதிலுள்ள ஒவ்வொரு லிட்டர் தண்ணீரையும் ஆவியாக்கவே ஏறக்குறைய 600 கிலோகலோரி வெப்பம் வீணாகிறது. அதன் புகையை மூச்சில் வாங்கப்போவது அடுப்படியில் நிற்கும் நீங்கள்தான் என்பதையும் நான் செலவுக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

அடுத்தது தேவை. ஐப்பசி முதல் தை வரை சுமார் 120 நாட்கள். நாளுக்கு ஐந்து கிலோ வீதம் 600 கிலோ. இதில் பாதியான 300 கிலோவைச் சோற்றுக்காக எரிக்கிறீர்கள். அந்தப் பாதியைத்தான் மாற்றச் சொல்கிறேன். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று பாத்திரத்துக்குக் கொடுக்கும் சூட்டை, சாதாரணத் திறந்த அடுப்பில் பெற வேண்டுமானால் தோராயமாக 180 கிலோ காய்ந்த விறகு வேண்டும். ஏனெனில் திறந்த அடுப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் ஏழில் ஒரு பங்குதான் பாத்திரத்தில் ஏறுகிறது, மற்றதெல்லாம் காற்றோடு போய்விடுகிறது. 180 கிலோ விறகு கிலோ 8 ரூபாய் வீதம் 1,440 ரூபாய். உங்கள் ஊரில் வீட்டுச் சிலிண்டரின் விலை, கொண்டுவந்து இறக்கும் கூலியோடு சேர்த்து 1,000 ரூபாய்க்குள் நிற்கும்வரை, காசு கொடுத்து வாங்கிய விறகில் சோறு வடிப்பதுதான் கூடுதல் செலவு. பலரும் இதை நம்ப மறுப்பதன் காரணம் எனக்குப் புரிகிறது. தோப்பில் விழுந்த மட்டையையும் கொதும்பையும் சில்லாட்டையையும் பொறுக்கி எரித்த காலத்தில் விறகு மலிவுதான். இன்றும் அவை வீட்டில் கிடைத்தால் தாராளமாக எரியுங்கள். விலைக்கு வாங்கும் விறகுக்கு அந்தப் பழைய கணக்கு பொருந்தாது.

ஆகவே மழை மாதங்களில் சோற்றைக் கேஸுக்கு மாற்றுங்கள். நான்கு மாதத்துக்கு இரண்டு சிலிண்டருக்குள் அடங்கும், அந்தச் செலவும் பிரிந்து பிரிந்துதான் வரும். வெந்நீருக்கு 300 கிலோ, கைக்காவலாக ஐம்பது சேர்த்து 350 கிலோ காய்ந்த விறகு போதும். விலை 2,800 ரூபாய்.

கடன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 50,000 ரூபாய்ச் சீட்டை 5,000 ரூபாய் தள்ளி எடுத்தால், 6,000 ரூபாய் விறகுக்காக ஐயாயிரத்தை இழக்கிறீர்கள். இதை எந்தக் கணக்கும் ஏற்காது. நகைக்கடன் அந்த அளவுக்கு மோசமில்லை. மாதம் நூற்றுக்கு ஒரு வட்டி என்று வைத்தால் 6,000 ரூபாய்க்கு ஐந்து மாதத்தில் 300 ரூபாய். அடகுக்கடையில் இரண்டு வட்டி என்றால் 600 ரூபாய். ஆனால் சிறு தொகைக்கு வைத்த நகைதான் பெரும்பாலும் திருப்பப்படாமல் வருஷக்கணக்கில் கிடக்கிறது. மருத்துவம், படிப்பு என்று உண்மையான நெருக்கடி வரும்போது கைகொடுக்க வேண்டிய ஒரு பவுன் அது. அப்போதும் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வையுங்கள்.

வாங்கும்போது மேலாகக் கிடக்கும் கட்டையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அடுக்கின் நடுவிலிருந்து இரண்டை உருவி ஒன்றோடொன்று தட்டினால், காய்ந்த விறகு கணீரென்று ஒலிக்கும், பச்சை விறகு மொத்தென்று சத்தம் தரும். வெட்டுமுகத்தில் கதிர்கதிராக வெடிப்பு ஓடியிருக்க வேண்டும். பட்டை விரலால் நெம்பினாலே உரிய வேண்டும். சந்தேகமிருந்தால் ஒரு துண்டை வாங்கி வந்து எரித்துப் பாருங்கள், ஈரமிருந்தால் மறுமுனையில் நுரை தள்ளும். உடையா, கருவேலமா, புளியா என்பதில் அதிகம் யோசிக்க வேண்டாம். நன்கு காய்ந்தபின் கிலோவுக்குக் கிலோ எல்லாமே ஏறக்குறைய ஒரே சூட்டைத்தான் தரும்; வயிரமேறிய கட்டை நின்று எரியும், இடமும் குறைவாக அடைக்கும். முத்திரையிட்ட தராசில் உங்கள் கண்முன்னே நிறுக்கச் சொல்லுங்கள். கீறுகூலியும் வண்டி வாடகையும் அந்த 8 ரூபாயில் அடக்கமா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். மீதமுள்ள 200 ரூபாய்க்கு மேல் இவை போனால் அடுத்த கடையை விசாரியுங்கள். களக்காடு முண்டந்துறை காப்புக்காட்டிலிருந்து வந்த மரம் என்று சந்தேகம் எழுந்தால், எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள்.

வீட்டில் தரையோடு தரையாக அடுக்கினால் கரையான் ஏறும், ஈரமும் ஏறும். செங்கல் வைத்து அதன்மேல் பழைய பனங்கைகளைப் போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். தார்ப்பாயை மேலே மட்டும் போர்த்தி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் மார்கழி பிறந்த கையோடு கொட்டிய மழையில், தாமிரபரணிக் கரையோரத் தெருக்களுக்குள் வெள்ளம் வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் புறவாசல் தாழ்வாக இருந்தால், பத்து நாள் தேவைக்கான விறகையாவது திண்ணையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தையில் சீட்டு முழுதாகக் கைக்கு வரும்போது, அடுத்த மழைக்காலத்துக்கான விறகுக்கென்று 3,000 ரூபாயைத் தனியே எடுத்து வையுங்கள். பங்குனி, சித்திரையில் பச்சை விறகையே பேரம் பேசி வாங்கிக் கீறிப் போட்டால், கோடை முழுவதும் காய அவகாசம் இருக்கும். டன் 6,000 ரூபாய்க்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவும் அப்போது உங்களுக்கு மிச்சம்.